ஸ்கா: ட்ரம்மண்டும் மார்கரீட்டாவும்

ரெக்கே கேட்டிருப்பீங்க, பாப் மார்லி பாட்டு ஒண்ணாவது காதில் விழுந்திருக்கும். ஸ்கா அதற்கு மூத்த அண்ணன். நடுவில் ராக்ஸ்டெடி என்று இன்னொருத்தர் உண்டு, அவரை இப்போதைக்கு விட்டுடலாம்.

ஸ்காவைப் புரிஞ்சுக்க 'ஒண்ணு-ம், ரெண்டு-ம்' என்று வேகமா எண்ணிப் பாருங்க. கால் எண்ணில் விழும். கிட்டாரும் பியானோவும் அந்த 'ம்'மில் வெட்டும். அதுக்கு மேல டிராம்போன், ட்ரம்பெட், சாக்ஸபோன். உட்கார்ந்தபடி கேட்பது கஷ்டம்.

1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி அமெரிக்க இசைத்தட்டுகளைப் போட்டு ஆட்டம் நடத்துவார்கள். அதை நடத்திய காக்ஸன் டாட், டியூக் ரீட் போன்றவர்கள் பிறகு உள்ளூர்க்காரர்களையே வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். வாசித்தவர்களில் பலர் ஜாஸ் கற்றவர்கள். கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் ஏழைச் சிறுவர்களுக்காக நடத்திய ஆல்ஃபா பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுதான் அவர்களில் நிறைய பேரை உருவாக்கியது. டிராம்போன் வாசித்த டான் ட்ரம்மண்டும் அங்கே படித்தவர். 1964இல் ஸ்காட்டலைட்ஸ் குழு உருவானது, மறு வருஷமே கலைந்தது.

ஏன் கலைந்தது? ரசிகர்கள் எழுதுவதில் இந்த இடம் எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேதை, மனநோய், 1969இல் மனநல மருத்துவமனையில் மரணம். நானும் பல வருஷம் முன்னால் அப்படித்தான் எழுதினேன். "காதலியைக் கொன்ற வழக்கு" என்று அரை வரி. பேர்கூடப் போடலை.

பேர் அனிட்டா மஹ்ஃபூட். மேடையில் மார்கரீட்டா. ரும்பா நடனத்தில் கிங்ஸ்டனே அறிந்த பெண். 1965 புத்தாண்டு பிறந்த கையோடு ட்ரம்மண்ட் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார்.

அவர் வெறும் 'காதலி' இல்லை. அந்தக் காலத்தில் ராஸ்தஃபாரிகளை மரியாதைப்பட்ட மேடைகளில் ஏற விடமாட்டார்கள். கவுண்ட் ஆஸியின் மத்தளக்காரர்கள் வாசிக்காவிட்டால் நான் ஆடமாட்டேன் என்று வியர் ஜான்ஸ் என்ற நிகழ்ச்சி அமைப்பாளரிடம் மார்கரீட்டா அடம்பிடித்து ஜெயித்ததாகச் சொல்வார்கள். அதே ஆஸியின் மத்தளங்கள்தான் பிரின்ஸ் பஸ்டர் தயாரித்த 'ஓ கரோலினா'வில் ஒலிக்கின்றன. இன்றைக்கு ரெக்கேயோடு சேர்த்து நாம் நினைக்கிற ராஸ்தா மத்தளம் இசைத்தட்டுக்குள் வந்தது இப்படித்தான். மார்கரீட்டாவே பாடிய 'வுமன் எ கம்' என்ற பாட்டும் இருக்கு. தேர்ந்த குரல்னு சொல்லமாட்டேன், ஆனா பயமே இல்லாத குரல்.

ட்ரம்மண்டைக் கேட்பதை நான் நிறுத்தலை. 'ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்ட் டைம்' இன்னமும் வாரம் ஒருமுறை ஓடும். புதுசா கேட்க வர்றவங்க முதல்ல 'ஓ கரோலினா' போடுங்க, அடுத்து 'வுமன் எ கம்', அப்புறம் ட்ரம்மண்ட். 1979இல் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஸ்பெஷல்ஸ் குழு ஸ்காவை மறுபடி கையிலெடுத்த கதை அடுத்த பதிவில்.