இருபத்து நான்கு ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த கார்

ரோம் நகருக்கு வெளியே வெயில் கொளுத்தும் நெடுஞ்சாலையில் ஒரு கார் போகிறது. ஓட்டுபவர் நடுத்தர வயதுக்காரர். பக்கத்தில் கம்பளியில் சுற்றிய ஒரு சிறுவன் நினைவில்லாமல் கிடக்கிறான். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டே அவர் ஓட்டுகிறார். கெஞ்சுவது துப்பாக்கியை நீட்டியிருக்கும் ஆளிடம். பின்னால் இரண்டு கொலைகாரர்களுக்கு நடுவே ஒரு பெண் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பணத்தைக் கொள்ளையடித்துவிட்டு ஓடுகிற கூட்டம் இது. சிவப்பு சிக்னலில் நின்றிருந்த அந்தக் காரை மறித்து ஏறிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு படம் பெரும்பாலும் காருக்குள்ளேயே நடக்கிறது. பார்க்கிற நாமும் இறங்க முடிவதில்லை.

இத்தாலிய இயக்குநர் மரியோ பாவா 1974இல் எடுத்த 'கானி அராபியாத்தி' என்ற படம் இது. தலைப்புக்கு 'வெறிநாய்கள்' என்று பொருள். எடுத்த ஆண்டு 1974, மக்கள் கைக்கு வந்த ஆண்டு 1998. வந்ததும் தியேட்டருக்கு அல்ல, ஒரு டிவிடி வட்டாக வந்தது. அந்த வட்டு கடைக்கு வந்தபோது இயக்குநர் இறந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாவாவைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் படம் முதலில் நம்ப முடியாததாக இருக்கும். 1914இல் சான்ரெமோவில் பிறந்தவர். அப்பா எவுஜெனியோ பாவா மௌனப்பட காலத்து ஒளிப்பதிவாளர், தந்திரக் காட்சிகளில் கைதேர்ந்தவர். மகனும் ஒளிப்பதிவாளராகத் தொடங்கி, 1960இல் 'லா மாஸ்கெரா தெல் தெமோனியோ' மூலம் இயக்குநரானார். மூடுபனி, இடிந்த கோட்டை, ஊதாவும் பச்சையும் சிவப்புமாக வழியும் விளக்கொளி என்பதுதான் அவர் உலகம். 1964இல் எடுத்த 'சேய் தொன்னே பெர் லஸ்ஸாஸீனோ' படத்தில் கொலைகளைக்கூட நகைக்கடை ஜன்னல்போல மினுக்கிக் காட்டினார். கண்ணாடித் துண்டும் வரைந்த அட்டையும் இருந்தால் போதும், இல்லாத கோட்டையைத் திரையில் எழுப்பிவிடுவார்.

அப்படிப்பட்டவர் தன் அறுபதாவது வயதில் அத்தனையையும் தூக்கி வைத்துவிட்டார். இந்தப் படத்தில் வண்ண விளக்கு இல்லை, பனி இல்லை, பேய் இல்லை. ஒரு காரும் வேர்வையும் மனித முகங்களும் மட்டுமே. மைக்கேல் ஜே. கேரல் என்ற அமெரிக்கர் எழுதிய சிறுகதைதான் மூலம். திரைக்கதையை அலெஸ்ஸாண்ட்ரோ பரென்ஸோ எழுதினார். பாவாவின் மகன் லம்பெர்த்தோ உதவி இயக்குநர். காருக்குள் கேமராவை வைக்க எத்தனை அங்குலம் கிடைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். லென்ஸ் முகத்தோடு முகமாக வந்து நிற்கிறது. மூக்கின் நுனியில் திரண்ட வேர்வைத்துளி விழுமா விழாதா என்று நாம் காத்திருக்கிறோம். வேறு இயக்குநர் கையில் இது பணமில்லாத குறையாகத் தெரிந்திருக்கும். பாவா கையில் அதுவே படத்தின் மூச்சாகிவிட்டது.

அந்த மூச்சுத் திணறல் அன்றைய இத்தாலியின் மூச்சுத் திணறலும்கூட. 1969 டிசம்பரில் மிலானின் ஃபொந்தானா சதுக்கத்தில் வங்கிக்குள் வெடித்த குண்டுக்கு 17 பேர் பலியானார்கள். அங்கிருந்து தொடங்கிய காலத்தை இத்தாலியர்கள் 'ஈய ஆண்டுகள்' என்கிறார்கள். துப்பாக்கித் தோட்டாவின் ஈயம் அது. 1973 ஜூலையில் எண்ணெய்க் கோடீஸ்வரர் கெட்டியின் பேரனை ரோமில் கடத்திக்கொண்டு போய், காதை அறுத்துத் தபாலில் அனுப்பினார்கள். 1974 மே மாதம் பிரெஷியாவில் குண்டு, ஆகஸ்டில் இத்தாலிக்குஸ் ரயிலில் குண்டு. இந்தப் பயத்தையும் கோபத்தையும் பிழிந்து காசாக்கிய மலிவு விலைக் குற்றப் படங்கள் அப்போது வரிசைகட்டி வந்தன. 'பொலிஸியொத்தெஸ்கோ' என்று அவற்றுக்குப் பெயர். ஃபெர்னாந்தோ தி லியோ, உம்பெர்த்தோ லென்ஸி, என்ஸோ காஸ்தெல்லாரி எல்லாம் அந்தச் சந்தையின் பெரிய கைகள். அவர்கள் படங்களில் பெரும்பாலும் சட்டத்தின் மேல் கடுப்பான ஒரு போலீஸ்காரர் இருப்பார், கடைசியில் கணக்குத் தீர்ப்பார். பாவாவின் படத்தில் அந்தப் போலீஸ்காரருக்கு இடமில்லை. காப்பாற்ற யாரும் வரப்போவதில்லை என்பது பாதிப் படத்திலேயே தெரிந்துவிடுகிறது.

கொடுமை நிறைந்த படம், அதை மறைப்பதற்கில்லை. மரியா என்ற அந்தப் பெண் தப்பி ஓடிப் பிடிபட்ட பிறகு அவளை அவமானப்படுத்தும் காட்சி ஒன்று உண்டு. இந்த வகைப் படங்கள் பெண்ணின் துன்பத்தைத் தீனியாகப் போட்டுத்தான் டிக்கெட் விற்றன. ஆனால் இந்த இடத்தில் பாவாவின் கேமரா பெரும்பாலும் அவள் முகத்தில் தங்குகிறது. பார்ப்பவன் கிளர்ச்சி அடைவதில்லை, கூசிப் போகிறான். எனக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படுகிறது.

மரியாவாக நடித்தவர் லேயா லாண்டர். பத்து ஆண்டுகளுக்கு முன்பே பாவாவின் 1964ஆம் ஆண்டுப் படத்தில் நடித்தவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காரோட்டியாக ரிக்கார்தோ குச்சொல்லா. 'சாக்கோ எ வன்ஸெத்தி' படத்துக்காக 1971இல் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியவர். முதலில் அந்த வேடத்துக்கு வந்தவர் 'காட்ஃபாதர்' படத்தின் சொலோட்ஸோவாக உலகம் அறிந்த அல் லெட்டியேரி. தொடக்கத்திலேயே அவர் மாற்றப்பட்டார். கொள்ளையர் மூவரில் தலைவனாக மோரிஸ் போலி, மற்ற இருவராகப் பாடகர் தொன் பாக்கியும் நெட்டை ஆளான ஜார்ஜ் ஈஸ்ட்மனும் நடித்தார்கள். இசை ஸ்தெல்வியோ சிப்ரியானி.

படப்பிடிப்பு முடிந்தது. வெட்டி ஒட்டி முழுமை செய்யும் வேலை முடிவதற்குள் தயாரிப்பாளர் ரொபெர்த்தோ லொயோலா திவாலானார். திவாலான கம்பெனியின் மேசை நாற்காலிக்கு என்ன கதியோ அதே கதிதான் அதன் பிலிமுக்கும். கடன்காரர்களுக்குப் பங்கு போட வேண்டிய சொத்துப் பட்டியலில் நெகட்டிவும் ஒரு வரி. கோர்ட் முடக்கிய பொருளைத் தொட இயக்குநருக்கு உரிமை கிடையாது. நம் கோடம்பாக்கத்தில் 'படம் பெட்டிக்குள்ளேயே தூங்குகிறது' என்பார்களே, அப்படித் தூங்கியது 'கானி அராபியாத்தி'.

பாவாவுக்கு அது கெட்ட காலம். அதற்குச் சற்று முன்புதான் அவர் நெஞ்சுக்கு நெருக்கமாக எடுத்த 'லிசாவும் பிசாசும்' படத்தை வாங்க ஆளில்லாமல் போயிற்று. 'எக்ஸார்சிஸ்ட்' அலை அடித்ததும் அதன் தயாரிப்பாளர் ஆல்ஃப்ரெதோ லியோனே அதில் பேயோட்டும் காட்சிகளைச் சேர்த்து, 1975இல் வேறு பெயரில் வெளியிட்டார். ஒரு படம் அடையாளம் தெரியாமல் உருமாறியது, இன்னொன்று கோர்ட் பூட்டுக்குள் போயிற்று. 1977இல் 'ஷாக்' எடுத்தார். தியேட்டருக்கென்று அவர் எடுத்த கடைசிப் படம் அதுதான். 1980 ஏப்ரல் 27 அன்று ரோமில் இறந்தார். இரண்டு நாள் கழித்து ஹிட்ச்காக் போனார். உலகம் ஹிட்ச்காக்குக்குத்தான் அழுதது.

பிறகு ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. பாவாவின் ரசிகர்களுக்கு இந்தப் படம் ஒரு வதந்தி. கிழவர் கடைசியில் ஒரு குற்றப் படம் எடுத்தாராம், காருக்குள்ளேயே நடக்குமாம், யாரும் பார்த்ததில்லையாம்.

1990களின் நடுவில் பூட்டைத் திறந்தவர் அந்தக் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த பெண்தான். லேயா லாண்டர் முயற்சி எடுத்து, முடங்கிக் கிடந்த படத்தை மீட்டு, முழு வடிவத்துக்குக் கொண்டுவர வழி செய்தார். ஆவணக் காப்பகமோ அரசாங்கமோ செய்ய வேண்டிய வேலை. தான் அத்தனை பாடுபட்டு நடித்த படம் வீணாகக் கூடாது என்று ஒரு நடிகை அதைச் செய்திருக்கிறார். சினிமா வரலாற்றில் இவருக்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை என்பது என் வருத்தம்.

1998இல் ஜெர்மனியின் லூசெர்தோலா மீடியா அதை டிவிடியாக வெளியிட்டது. திரைப்பட இசைத்தட்டுகள் போட்டுக்கொண்டிருந்த சின்ன நிறுவனம் அது. ஐரோப்பாவில் டிவிடி என்பதே அப்போதுதான் கடைக்கு வந்துகொண்டிருந்தது. பழைய படங்களுக்கு வீட்டு வீடியோ இரண்டாவது வாழ்க்கை, தியேட்டரில் ஓடி ஓய்ந்தது வரவேற்பறைக்கு வருவது. இந்தப் படத்துக்கு அதுவே முதல் வாழ்க்கை. அந்த வட்டு மூலமாகத்தான் படத்துக்குப் பார்வையாளர்கள் கிடைத்தார்கள். குறைந்த எண்ணிக்கையில் வந்த வட்டு சீக்கிரமே கிடைக்காமலும் போனது. அதற்குள் பார்த்தவர்கள் பாவாவைப் பற்றி எழுதிவைத்ததை எல்லாம் திருத்த வேண்டியிருந்தது.

பயணம் அதோடு முடியவில்லை. 2002இல் 'கிட்நாப்ட்' என்ற பெயரில் இன்னொரு வடிவம் வந்தது. அப்பா விட்டுப்போன வேலையை முடிக்கிறோம் என்று மகன் லம்பெர்த்தோவும் பழைய தயாரிப்பாளர் லியோனேயும் இறங்கினார்கள். காருக்கு வெளியே நடப்பதைக் காட்டப் புதிய காட்சிகள் எடுத்துச் சேர்த்தார்கள். சிப்ரியானி புதிதாக இசை அமைத்துக் கொடுத்தார். 2007இல் அமெரிக்காவில் ஆங்கர் பே நிறுவனம் பாவா படத்தொகுப்பின் இரண்டாம் பெட்டியில் இரண்டு வடிவங்களையும் சேர்த்துத் தந்தது. 2014இல் இங்கிலாந்தின் ஆரோ வீடியோ ப்ளூ-ரேயில் கொண்டுவந்தது. 2015இல் எரிக் அன்னேஸோ இதே கதையை பிரெஞ்சில் மறுபடி எடுத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கடனுக்கு முடக்கப்பட்ட சரக்கு, ரீமேக் உரிமைக்கு விலைபோகும் சொத்தாகிவிட்டது.

இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மகனின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு காட்சியும் காரின் ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. வெளிக்காற்று உள்ளே வருகிறது. வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் இந்தப் படத்தின் வதை. பளபளப்புக் குறைந்தாலும் 1998இல் வந்த வெறும் வடிவமே பாவாவின் படம்.

பார்க்க வாய்ப்பு கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். அதற்குமுன் கதைச் சுருக்கம் எதையும் படிக்காதீர்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் என்ன ஆகிறது என்று நான் இங்கே எழுதவில்லை, பார்த்த நண்பர்களிடமும் கேட்காதீர்கள்.