கொல்லிமலைத் தானியப் பெயர்களும் கோணும் நெடுவரிசைகளும்: எளிய உரை அட்டவணையில் தமிழ் எழுத்தலகின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இடைவெளிகளை நிரப்பி அமைக்கப்படும் எளிய உரை அட்டவணைகளில் தமிழ்ச் சொற்கள் இடம்பெறும்போது நெடுவரிசைகள் கோணுகின்றன. இதனை எழுத்துருவின் குறையாகக் கருதுவது வழக்கம். தட்டச்சுப்பொறி முதல் ஒருங்குறி வரை ஒவ்வொரு காலத்தும் ‘ஓர் எழுத்து’ என்பதற்கு வெவ்வேறு அலகு கொள்ளப்பட்டதே இதன் அடிப்படைக் காரணம் என்பதை இக்கட்டுரை கொல்லிமலைச் சிறுதானியப் பெயர்களின்வழி விளக்குகிறது.

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை சங்க இலக்கியத்தில் வல்வில் ஓரியின் மலையாக அறியப்படுவது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு ஆகியவற்றின் நாட்டு வகைகளைத் தலைமுறைகளாகப் பயிரிட்டு வந்துள்ளனர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் முதல் இம்மக்களுடன் இணைந்து அவ்வகைகளைப் பாதுகாக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது. பயிர்வகைத் தரவுகள் இயல்பாகவே அட்டவணை வடிவம் பெறுவன. பெயர், விதைக்கும் பருவம், முதிரும் காலம், விளையும் ஊர் என அவை நெடுவரிசைகளில் அமையும். இட எண்ணைக் கொண்டு படிக்கும் நிரலுக்கு ஒரு கட்டம் பிறழ்ந்தாலும் பெயரின் இறுதிப் பகுதி பருவத்தோடு சேர்ந்துவிடும். ஆகவே நெடுவரிசையின் நேர்மை அழகு பற்றியது மட்டுமன்று. தரவின் நம்பகம் பற்றியதுமாகும்.

எழுத்தும் கட்டமும்

ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் அறிமுகப்படுத்திய துளை அட்டை 80 நெடுவரிசைகளைக் கொண்டிருந்தது. பின்வந்த கணினி முனையங்களும் ஒரு வரிக்கு 80 கட்டங்கள் என்னும் மரபைத் தொடர்ந்தன. ஓர் எழுத்துக்கு ஒரு குறி, ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்பது இம்மரபின் அடிப்படை. இலத்தீன் எழுத்துக்கு இது பொருந்தியது.

தமிழில் இச்சிக்கல் கணினிக்கு முன்பே எழுந்தது. 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணியாற்றிய ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியபோது ‘நகரா விசை’ என்னும் உத்தியைக் கையாண்டார். சில குறிகளை அடிக்கும்போது உருளை நகராது. மெய்யும் அதன் குறியும் ஒரே இடத்தில் சேர்ந்து பதியும். இங்கு அலகு என்பது எழுத்தன்று, உருளையின் நகர்வு. மேலும் தட்டச்சுப்பொறிகளில் நெடுவரிசை தொடங்கும் இடத்தை முன்கூட்டியே குறித்து வைத்து, ஒரே விசையால் உருளையை அங்கு நிறுத்தும் வசதி இருந்தது. அதனால் எழுத்துகளை எண்ணாமலே நெடுவரிசையை நேராக்க முடிந்தது.

குறியேற்றங்களும் மாறிய அலகும்

1988இல் வெளிவந்து 1991இல் இந்தியத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்ட இஸ்கி, மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனிக் குறிகளாக ஒலிப்பு வரிசையில் கொண்டது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியும் இவ்வமைப்பையே பின்பற்றியது. 1990களின் இறுதியில் இணையத் தமிழரிடையே உருவான திஸ்கி வேறு வழியை மேற்கொண்டது. அதில் எழுத்தின் வரிவடிவத் துண்டே அலகு. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டேம், டேப் ஆகிய 8-பிட் குறியேற்றங்களை ஏற்றது. பின்னர் 2010இல் ஒருங்குறியோடு, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக்குறி தரும் டேஸ் 16 என்பதையும் தரமாக அறிவித்தது.

‘கேழ்வரகு’ என்னும் சொல்லைக் கொள்வோம். இலக்கண மரபின்படி இதில் 5 எழுத்துகள் உள்ளன. டேஸ் 16இலும் 5 குறிகளே. திஸ்கியில் ‘ழ்’, ‘கு’ ஆகியன ஒவ்வொரு குறியாகவும், ‘கே’ கொம்பும் மெய்யுமாக இரு குறிகளாகவும் அமைவதால் மொத்தம் 6. ஒருங்குறியில் 8 குறிப்புள்ளிகள். அவற்றையே யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட்டுகள். ‘சாமை’ என்பதற்கு இவ்வெண்கள் முறையே 2, 2, 4, 4, 12 ஆகும்.

12 கட்டப் பெயர் நெடுவரிசை கொண்ட ஒரு திஸ்கிப் பட்டியலில் கேழ்வரகுக்குப் பின் 6 இடைவெளிகளும் சாமைக்குப் பின் 8 இடைவெளிகளும் இருக்கும். அதனை அப்படியே ஒருங்குறிக்கு மாற்றினால் முன்னது 14 குறிப்புள்ளிகளாகவும் பின்னது 12 ஆகவும் அமையும். பைட்டுகளை எண்ணும் நிரலுக்கு அவை 30, 20. சொற்கள் பிழையின்றி மாறினும் நெடுவரிசை சிதைந்துவிடுகிறது.

முனையத்தின் கணக்கும் திபெத்திய ஒப்பீடும்

குறிப்புள்ளியின் கட்ட அகலத்தைக் கணக்கிட மார்க்கஸ் கூன் எழுதிய நிரல் பரவலாகப் பின்பற்றப்பட்டது. இடம் கொள்ளாத குறி என ஒருங்குறி வகைப்படுத்தியவற்றுக்கு அது சுழிய அகலம் தருகிறது. சீன எழுத்துகளுக்கு இரு கட்டங்கள் அளிக்கிறது. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் கொள்ளாதவை. இகரக் குறியோ இடம் கொள்வது. எனவே ‘கி’ இரு கட்டங்களும் ‘கீ’ ஒரு கட்டமும் பெறுகின்றன. தமிழ் எழுதுவோர் எவரும் உணராத வேறுபாடு இது.

திபெத்திய எழுத்தோடு ஒப்பிடுகையில் இது தெளிவாகும். 1996இல் ஒருங்குறியின் 2.0 பதிப்பில் சேர்க்கப்பட்ட திபெத்தியத்தில் அடியெழுத்துகள் மேலெழுத்தின் கீழ் அடுக்கப்படுகின்றன. அவை இடம் கொள்ளாக் குறிகளாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளன. எழுத்து கீழ்நோக்கி வளர்வதால் ஓரடுக்குக்கு ஒரு கட்டம் என்னும் கணக்கு ஓரளவு பொருந்துகிறது. தமிழ் எழுத்தோ பெரும்பாலும் பக்கவாட்டில் வளர்வது. ‘ர’வும் ‘ணை’யும் ஓரெழுத்தாயினும் ஒரே அகலத்தில் அடங்கா. ஆகவே எழுத்தை எண்ணும் டேஸ் 16 முறையும் நெடுவரிசைச் சிக்கலை முற்றாகத் தீர்ப்பதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘கொல்லி’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறிப்புள்ளியாகவோ ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவோ எழுதலாம். இரண்டும் நிகரானவை என்பது ஒருங்குறியின் விதி. எனினும் எண்ணிக்கை 6 அல்லது 7 என வேறுபடும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு வரிகள் வெவ்வேறு நீளம் பெறுவதற்கு இதுவும் காரணமாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், கோணும் நெடுவரிசை என்பது இலக்கண எழுத்து, வரிவடிவத் துண்டு, குறிப்புள்ளி, பைட்டு, கட்டம் ஆகிய ஐந்து அலகுகளின் மோதல் என்பது புலனாகிறது. பழைய குறியேற்றத்திலுள்ள பட்டியல்களை மாற்றுவோர், மாற்றத்திற்கு முன்பே இட நிரப்பு வெற்றிடங்களை நீக்கித் தத்தற்குறியையோ காற்புள்ளியையோ பிரிப்பானாக இடுதல் வேண்டும். காற்புள்ளியால் பிரிக்கும் கோப்பு வடிவம் 2005இல் ஆர்எஃப்சி 4180 என்னும் ஆவணத்தில் விவரிக்கப்பட்டுள்ளது. அடுத்து, நிகரான வடிவங்களை ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும். பெயரைக் குறிப்பிட்ட நீளத்தில் வெட்டுவதும் தவிர்க்கத்தக்கது. ‘கேழ்வரகு’ 7 குறிப்புள்ளிகளில் ‘கேழ்வரக’ எனவும், 3இல் புள்ளியிழந்து ‘கேழ’ எனவும் நிற்கும்.

தத்தற்குறி தட்டச்சுப்பொறியின் நிறுத்த வசதியிலிருந்து கணினிக்கு வந்தது. எழுத்துகளை எண்ணாமல் நெடுவரிசையின் எல்லையைக் குறிப்பது என்னும் அப்பழைய முறையே தமிழ்த் தரவுகளுக்கு இன்றும் ஏற்றது.