18,600 பவுண்: ஒரு குடிவரவு விதியின் கதை

2013ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து உறவினர் ஒருவர் கொழும்பில் என்னைத் தேடி வந்திருந்தார். இலண்டனில் வசிக்கும், பிரித்தானியப் பிரஜாவுரிமை பெற்ற இளைஞர் ஒருவருக்கு அவர் தமது மகளைத் திருமணம் செய்து கொடுத்து ஓராண்டு கடந்திருந்தது. மாப்பிள்ளைக்குப் பெற்றோல் நிரப்பு நிலையம் ஒன்றில் வேலை. மகளின் விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது.

"மாப்பிள்ளையின்ரை தமையன்மார் இரண்டு பேரும் அங்கை கடையும் வீடுமாய் இருக்கினம். பிள்ளையை நாங்கள் பார்ப்பம் எண்டு எழுதியும் குடுத்தவை. அது காணாதோ, தம்பி?" என்று கேட்டார்.

காணாது என்பதே பதில். ஆனால், நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் அதே கேள்விக்கு அந்த நாட்டின் அதியுயர் நீதிமன்றம் "காணும்" என்று பதிலளித்திருந்தது. இடையில் என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்வதற்கு நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் 1973 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அந்த நாளில் பிரித்தானியாவில் ஏற்கெனவே நிலையாகக் குடியேறியிருந்த பொதுநலவாய நாட்டவர்களின் மனைவியரும் பிள்ளைகளும் வந்து சேர்வதற்கு முன்பிருந்த சுதந்திரம் குறைக்கப்படலாகாது என்று அச்சட்டத்தின் ஒரு பிரிவு உறுதியளித்தது. ஆகவே, அத்தகைய ஒருவர் தமது மனைவியை அழைப்பதற்கு வருமானத்தை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. 1988ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. அதன் பின்னர் அவர்களும் மற்றையோரைப் போன்று, பொது நிதியை நாடாமல் மனைவியைப் பராமரிக்க முடியும் என்று காட்ட வேண்டியவர்களானார்கள்.

எனினும், அக்காலத்தில் அதிகாரிகளின் பெரும் கவனம் பணத்தின் மீது இருக்கவில்லை. திருமணத்தின் நோக்கத்தின் மீதே இருந்தது. பிரித்தானியாவில் குடியேறுவதற்காகவே திருமணம் செய்யவில்லை என்பதை விண்ணப்பதாரரே நிரூபிக்க வேண்டும் என்ற 'பிரதான நோக்க விதி' 1980களில் கடுமையாகப் பிரயோகிக்கப்பட்டது. இல்லாத ஒன்றை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பேசிச் செய்யும் திருமணமே வழக்கமாகவுள்ள தெற்காசியக் குடும்பங்களே இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டன.

அந்த விதிகளில் ஆண், பெண் பாகுபாடும் இருந்தது. ஆண் தனது மனைவியை அழைப்பது இலகு. பெண் தனது கணவனை அழைப்பது கடினம். இதனை எதிர்த்து மூன்று பெண்கள் ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தை நாடினார்கள். அப்துல் அஸீஸ், கபாலெஸ், பல்கண்டலி வழக்கு என்று அறியப்படும் அதன் தீர்ப்பு 1985 மே 28ஆம் திகதி வெளியானது. இது பால்நிலைப் பாகுபாடே என்று நீதிமன்றம் கூறியது. அதற்குப் பிரித்தானிய அரசாங்கம் கண்ட பரிகாரம் விசித்திரமானது. பெண்களுக்கிருந்த தடையை அகற்றுவதற்குப் பதிலாக, அதே தடையை ஆண்களுக்கும் விதித்துச் சமத்துவத்தை நிலைநாட்டியது!

1997 ஜூன் மாதத்தில், புதிதாகப் பதவியேற்ற தொழிற்கட்சி அரசாங்கத்தின் உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரோ பிரதான நோக்க விதியை ஒழித்தார். மனதைப் படிக்கும் முயற்சி அத்துடன் பெருமளவு ஓய்ந்தது. ஆனால், பராமரிக்கும் வசதி வேண்டும் என்ற நிபந்தனை எஞ்சியிருந்தது. அதற்குத் திட்டவட்டமான தொகை எதுவும் விதியில் இருக்கவில்லை. வாடகை போன்ற செலவுகள் போக, அரசாங்கத்தின் வருமான உதவியில் வாழும் ஒரு தம்பதிக்குக் கிடைப்பதற்குக் குறையாத தொகை கையிலிருந்தால் போதும் என்று 2006ஆம் ஆண்டில் குடிவரவு நியாயசபை தீர்மானித்தது. 2011ஆம் ஆண்டில் அது வாரத்திற்குச் சுமார் 105 பவுண். வருடத்திற்குச் சுமார் 5,500 பவுண்.

அந்தத் தொகை யாருடைய பணமாக இருக்க வேண்டும் என்பதே அடுத்த கேள்வி. தமையனோ மாமனோ தொடர்ந்து உதவுவதாகச் சொன்னால் ஏற்கலாமா? 2009 டிசம்பரில் மஹாத் வழக்கில் அதியுயர் நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. அரசுக்குச் சுமையாக இருக்கக்கூடாது என்பதே விதியின் நோக்கம். மூன்றாம் நபரின் உதவி நம்பகமானதாக இருந்தால் அதனைக் கணக்கில் எடுக்கலாம் என்பது அதன் சாரம். தங்கையின் சீதனத்திற்குத் தமையனும், தம்பியின் பயணத்திற்கு அக்காவின் தாலிக்கொடியும் உதவிய குடும்பங்களில் இருந்து வந்த நம்மவர்களுக்கு இந்தத் தீர்ப்பு புதுமையாகத் தோன்றியிராது. குடும்பம் என்றால் அப்படித்தான் என்று நாம் எண்ணிப் பழகியவர்கள்.

அந்தத் தீர்ப்பின் ஆயுள் மூன்று ஆண்டுகள்கூட இல்லை. நிகர குடிவரவை ஆண்டுக்கு ஒரு இலட்சத்திற்கும் கீழே கொண்டுவருவதாக வாக்குறுதியளித்திருந்த டேவிட் கமரூன் அரசாங்கம், குடிப்பெயர்வு ஆலோசனைக் குழுவிடம் அபிப்பிராயம் கேட்டது. வருமான வரம்பு 18,600 முதல் 25,700 பவுண் வரை இருக்கலாம் என்று 2011 நவம்பரில் குழு கூறியது. ஒரு தம்பதி வருமானம் சார்ந்த அரச உதவிகளுக்கு உரித்தற்றவர்களாகும் எல்லையே 18,600 ஆகும். உள்துறை அமைச்சர் தெரேசா மே அந்தக் கீழ்எல்லையைத் தெரிவு செய்தார். 2012 ஜூலை 9ஆம் திகதி விதி நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுப் பிரஜையான பிள்ளை ஒன்றும் உடன்வந்தால் 22,400 பவுண்; அதற்கு மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,400 பவுண் கூடுதலாகத் தேவைப்பட்டது.

வாசகர்கள் இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2012 ஒக்டோபரில் பிரித்தானியாவின் குறைந்தபட்ச ஊதியம் மணித்தியாலத்திற்கு 6.19 பவுண். வாரத்திற்கு 40 மணித்தியாலம் வீதம் 52 வாரங்களும் உழைத்தால் கிடைப்பது 12,875 பவுண் மாத்திரமே. 18,600ஐ எட்டுவதற்கு வாரத்திற்கு ஏறத்தாழ 58 மணித்தியாலம் நிற்க வேண்டும். வருமானமே இல்லாத ஒருவர் சேமிப்பைக் காட்ட விரும்பினால் 62,500 பவுண் வங்கியில் இருக்க வேண்டும். மூன்றாம் நபரின் வாக்குறுதி கணக்கில் வராது. வரவிருக்கும் மனைவி தன் நாட்டில் வைத்தியராகவோ பொறியியலாளராகவோ உழைத்தாலும் அந்தச் சம்பளமும் கணக்கில் வராது. என் உறவினரின் மாப்பிள்ளை விழுந்த பள்ளம் இதுதான்.

அரசாங்கத்தின் பக்கத்தையும் சொல்வது பத்திரிகையாளனின் கடமை. வரி செலுத்துவோர் பிறருடைய திருமணச் செலவைச் சுமக்கலாகாது என்பதும், ஒருவரின் எழுத்து வாக்குறுதி நிறைவேறுகிறதா என்று கண்காணிப்பது கடினம் என்பதும் அவர்களது வாதம். அது முற்றிலும் நியாயமற்றதல்ல. ஆனால், அதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் வேறொன்றைச் செய்தது. இலண்டனில் வேலை செய்த பிரெஞ்சுப் பிரஜையோ ஜேர்மன் பிரஜையோ இந்த வருமான வரம்பு எதுவுமின்றித் தமது துணையை அழைக்க முடிந்தது. பாரிஸிலிருந்து குடிபெயர்ந்து வந்த பிரெஞ்சுப் பிரஜையான ஒரு தமிழருக்கு இருந்த உரிமை, இலண்டனிலேயே பிறந்த தமிழருக்கு இருக்கவில்லை. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறி, இடைமாறு காலம் 2020 டிசம்பர் 31இல் முடிவடையும் வரை இந்த முரண்பாடு நீடித்தது.

விதிக்கு எதிரான வழக்கு 2013 ஜூலையில் மேல் நீதிமன்றத்தில் பெருமளவு வெற்றி பெற்று, 2014 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. 2017 பெப்ரவரி 22ஆம் திகதி அதியுயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் இறுதித் தீர்ப்பை வழங்கினர். இந்த வரம்பு ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் துன்பம் விளைவிக்கிறது என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். ஆயினும், வரம்பு விதிப்பது கோட்பாட்டளவில் சட்டவிரோதமல்ல என்றனர். பிள்ளைகளின் நலன் போதியளவு கவனிக்கப்படவில்லை என்றும், வேறு நிதி மூலங்களைப் பார்க்க மறுக்கும் கடுமை தளர வேண்டும் என்றும் கூறினர். அதே ஆண்டு ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டு, விதிவிலக்கான சூழ்நிலைகளில் மூன்றாம் நபரின் நம்பகமான உதவி மீண்டும் கணக்கில் எடுக்கப்பட்டது. 2009இல் வழமையாக இருந்தது 2017இல் விதிவிலக்காகத் திரும்பி வந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 2023 டிசம்பரில் உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி வரம்பை 38,700 பவுணாக உயர்த்தப்போவதாக அறிவித்தார். எதிர்ப்பு வலுத்ததால் அதனைப் படிப்படியாகச் செய்வதென முடிவாகி, 2024 ஏப்ரல் 11ஆம் திகதி வரம்பு 29,000 பவுண் ஆனது. பிள்ளைகளுக்கான மேலதிகத் தொகை நீக்கப்பட்டது. சேமிப்பு மட்டும் காட்டுவோருக்கு 88,500 பவுண் தேவைப்பட்டது. 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசாங்கம் அடுத்த உயர்வை நிறுத்திவைத்து, மீண்டும் அதே ஆலோசனைக் குழுவிடம் கேட்டது. 38,700ஐ ஆதரிக்க முடியாது என்று 2025 ஜூனில் குழு கூறியது. 29,000க்கும் குறைந்த வரம்புகளையும் சாத்தியமானவையாகச் சுட்டிக்காட்டியது.

ஒரு காலத்தில் அரசு 'ஏன் திருமணம் செய்தாய்?' என்று கேட்டது. பின்னர் 'எவ்வளவு உழைக்கிறாய்?' என்று கேட்டது. முதற் கேள்வியை விட இரண்டாவது நேர்மையானது என்று சிலர் சொல்லக்கூடும். இலக்கத்திற்கு இனமும் நிறமும் இல்லை அல்லவா? ஆனால், ஆணை விடப் பெண் குறைவாகச் சம்பாதிக்கும், இலண்டனை விட வடக்கு இங்கிலாந்தில் சம்பளம் குறைவாக இருக்கும் ஒரு நாட்டில், ஒரே இலக்கம் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை.

என் உறவினரின் மகள் 2015ஆம் ஆண்டில் இலண்டன் போய்ச் சேர்ந்தாள். மாப்பிள்ளை பகலில் பெற்றோல் நிரப்பு நிலையத்திலும் இரவில் களஞ்சியசாலை ஒன்றிலும் வேலை செய்து அந்த இலக்கத்தை எட்டினார். திருமணமாகி மூன்றாவது ஆண்டில்தான் அவர்கள் ஒரே வீட்டில் வாழத் தொடங்கினார்கள். அதுவரை கூடவிருந்து சோறு போட்ட தமையன்மாரின் பெயர், விண்ணப்பப் படிவத்தின் எந்தப் பக்கத்திலும் இடம்பெறவில்லை.