சுவரில் எழுதிய வரி

வியன்னாவுக்கு எப்போதாவது போனால் ஒரு காரியம் செய்யுங்கள். அரண்மனை, ஆபரா எல்லாம் பார்த்து முடித்த கையோடு, அங்குள்ள பழைய தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் முன்னால் நின்று அண்ணாந்து பாருங்கள். கொட்டை கொட்டையாகச் சிவப்பு எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும். இன்ன வருடத்தில், வீட்டுவசதி வரிப் பணத்தில் மாநகராட்சி கட்டியது என்று அர்த்தம்.

கட்டியது யார் என்பதோடு, காசு எங்கிருந்து வந்தது என்பதையும் சுவரிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

முதல் உலகப்போருக்கு முன்னால் வியன்னாவில் 20 லட்சம் பேர். ஏழைகளின் வீடு என்பது பெரும்பாலும் ஒரு அறை, ஒரு சமையலறை. தண்ணீர்க் குழாய் வெளியே, தாழ்வாரத்தில். மொத்த மாடிக்கும் அது ஒன்றுதான். குழாயடி வம்புக்கு அந்த ஊர் பாஷையில் தனிப் பெயரே உண்டு. கக்கூஸும் பொதுதான். வாடகை கட்டுப்படியாகாதவர்கள், தங்கள் கட்டிலையே உள்வாடகைக்கு விடுவார்கள். ராத்திரி வேலைக்குப் போகிறவன் பகலில் வந்து படுப்பான். அவன் எழுந்துபோன கட்டிலில் ராத்திரி இன்னொருவன். காச நோய்க்கு 'வியன்னா வியாதி' என்றே பெயர். பின்னே வராமல் என்ன செய்யும்?

போர் முடிந்தது. பேரரசு சிதறியது. 1919 மே மாதத் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி மாநகராட்சியைப் பிடித்தது. 1922-ல் வியன்னா தனி மாநிலமானது. இனிமேல் தானே வரி போட்டுக்கொள்ளலாம்.

வந்தார் ஹ்யூகோ பிரைட்னர். ஆளைப் பார்த்தால் புரட்சிக்காரர் என்று சொல்லவே முடியாது. பெரிய வங்கியொன்றின் இயக்குநராக இருந்தவர். மாநகராட்சிக்கு நிதிப் பொறுப்பாளர். அவர் செய்தது ரொம்ப எளிமையான காரியம். வசதிக்கும் உல்லாசத்துக்கும் வரி. வேலைக்காரி ஒருத்தி என்றால் வரி கிடையாது. இரண்டாவது ஆள் வைத்தால் கட்டு. கார் வைத்திருக்கிறாயா? கட்டு. ரேஸ் குதிரையா, ஆடம்பர ஓட்டலில் சாப்பாடா? கட்டு, கட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல் வைத்தியச் செலவை ஊரின் நாலு பெரிய மிட்டாய்க் கடைகள் கொடுக்கின்றன என்று பெருமையாகவே சொல்லுவார் மனிதர்.

1923-ல் வந்தது வீட்டுவசதி வரி. எல்லா வீட்டுக்கும் கடைக்கும் உண்டு. ஆனால், வாடகை மதிப்பு ஏற ஏற விகிதமும் ஏறும். சின்ன வீட்டுக்காரன் கட்டியது சொற்பம். ஊரிலேயே விலை உயர்ந்த அரை சதவீதக் கட்டடங்கள் மட்டும் மொத்த வசூலில் சுமார் 45 சதவீதம் கொடுத்தன.

அதே வருடம் திட்டம் போட்டார்கள். 5 வருடத்தில் 25 ஆயிரம் வீடுகள். மூன்றே வருடத்தில் முடிந்தது! அடுத்து 1927-ல் இன்னொரு 30 ஆயிரம். கட்டுமானத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்காமல் வரிப்பணத்தையே போட்டதுதான் இதில் சூட்சுமம். வட்டி இல்லை, லாபம் இல்லை. ஆகவே பராமரிப்புக்கு ஆகிற காசு மட்டும்தான் வாடகை. தொழிலாளியின் சம்பளத்தில் சுமார் 4 சதவீதம். வீடு சின்னதுதான். ஆனால் குழாயும் கழிப்பறையும் உள்ளே. யாருக்கு எவ்வளவு அவசியம் என்று மார்க் போட்டு வீடு ஒதுக்கினார்கள்.

1930-ல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1,382 வீடுகள். சலவைக்கூடம், குளியலறைகள், நூலகம், குழந்தைகள் பள்ளி எல்லாம் உள்ளேயே.

சொத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதே 1930-ல், வலதுசாரித் தலைவர் ஸ்டார்ஹெம்பெர்க், பிரைட்னரின் தலை மண்ணில் உருளவேண்டும் என்று மேடையிலேயே பேசினார். 1934 பிப்ரவரியில் உள்நாட்டுப் போர். கார்ல் மார்க்ஸ் ஹோஃப் மீது ராணுவம் பீரங்கியால் சுட்டது. வீடுகளைத்தான், ஜனங்கள் குடியிருந்த வீடுகளை. கட்சி தடை செய்யப்பட்டது. உடம்பு முடியாமல் முன்பே பதவி விலகியிருந்த பிரைட்னரையும் கைது செய்தார்கள். அவர் யூத வம்சம். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. 1946-ல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட் என்கிற ஊரில் செத்துப்போனார்.

அந்த ஊர் இருப்பது லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில். 2024 நவம்பரில் அந்த மாவட்டத்து மக்கள், வீடில்லாதவர்களுக்கும் வாடகை கட்ட முடியாதவர்களுக்கும் உதவ அரை சதவீத விற்பனை வரிக்கு ஓட்டுப் போட்டார்கள். நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். சோப்பு வாங்கும் கோடீஸ்வரனுக்கும் அதே விகிதம், தெருவில் படுப்பவனுக்கும் அதே விகிதம். தனக்குக் கட்டப்போகும் வீட்டுக்கு, வீடில்லாதவனும் மொய் எழுதுகிறான்.

வியன்னாவின் வீடுகள் பீரங்கிக்குப் பிறகும் நிற்கின்றன. இன்றும் மாநகராட்சி கையில் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் வீடுகள். யார் தலையில் வரி விழவேண்டும் என்று நூறு வருடம் முன்னால் ஒரு வங்கிக்காரர் போட்ட கணக்கில் எழும்பியவை அவற்றில் முதல் அறுபதாயிரம்.