டிராக்டருக்கு இன்னொரு வால்வு வந்த கதை

பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ வீட்டுக்கு வாணம் தோண்டவும், பழைய ரப்பர் மரத்தின் மூட்டைப் பிடுங்கவும் கூப்பிடுவது ஜே.சி.பி.யைத்தான். வண்டி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் தமிழிலும் மலையாளத்திலும் அதற்கு அந்த ஒரே பெயர். களியக்காவிளை தாண்டினால் வாடகை மாறலாம், பெயர் மாறாது. அந்த மஞ்சள் வண்டியின் பூர்வீகம் ஒரு சாதாரண டிராக்டர். அதன் மேல் எண்ணெய்க் குழாயும் வால்வும் கூடுதலாக ஏற்றிப் பார்த்தவர்களின் பட்டறையில் பிறந்தது அது. இன்று எல்லைக் கிராமத்து ஒர்க்ஷாப்பில் டிப்பர் டிரெய்லருக்காக டிராக்டரில் இன்னொரு லிவர் பொருத்தும் மெக்கானிக்கும் அந்தப் பரம்பரைதான்.

கதை அயர்லாந்தில் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுப்பார்கள். கொழு பாறையில் சிக்கினால் டிராக்டரின் முன்சக்கரம் எழும்பி, வண்டி மல்லாந்து ஓட்டுகிறவர் மேலேயே விழும். முதல் உலகப் போர் நடந்த 1917-ல், டிராக்டர் உழவைச் சீர்படுத்தும் பொறுப்பை அயர்லாந்து வேளாண் வாரியம் ஒருவரிடம் கொடுத்தது. பெல்ஃபாஸ்டில் மோட்டார் வண்டித் தொழில் செய்துகொண்டிருந்த ஹாரி ஃபெர்குசன் அவர். கலப்பையை டிராக்டரின் உடம்போடு மூன்று இணைப்புக் கைகளால் சேர்த்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி, மண்ணின் இழுவையைப் பொறுத்து ஆழத்தைத் தானாகச் சரிசெய்ய வைப்பது அவர் கண்ட வழி. 1926-ல் அதற்குக் காப்புரிமை. 1936-ல் டேவிட் பிரவுன் நிறுவனத்தோடு சேர்ந்து டிராக்டரே சந்தைக்கு வந்துவிட்டது. இன்று நம் டிராக்டர் விளம்பரங்களில் ஏ.டி.டி.சி. என்று பெருமையாகப் போடுவது இந்தச் சங்கதியைத்தான்.

ஃபெர்குசனின் பம்பு கியர் பெட்டியின் எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும். அதைக் கட்டுப்படுத்தும் வால்வை அவர் பம்பு உறிஞ்சும் பக்கத்தில் வைத்தார். லிஃப்ட் லிவரை உயர்த்தினால்தான் பம்புக்கு எண்ணெய் கிடைக்கும். மற்ற நேரம் சும்மா சுற்றும். சிக்கனமான யோசனை, சூடும் குறைவு. எண்ணெயை வெளியே எடுக்கவும் வழி இருந்தது. ஃபெர்குசனே டிப்பர் டிரெய்லர் விற்றார். ஆனால் டிரெய்லரைக் கவிழ்க்க அந்த லிஃப்ட் லிவரையே பிடிக்க வேண்டும். இரண்டாவது வேலைக்கு இரண்டாவது கை கிடையாது.

அடுத்த திருப்பம் வயலில் நடக்கவில்லை, அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்தது. 1938-ல் ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் எழுத்து எதுவும் இல்லாமல், கைகுலுக்கி ஒப்பந்தம் செய்தார்கள். 1939-ல் ஃபோர்டு 9என் வந்தது. பேரன் ஹென்றி ஃபோர்டு பொறுப்பேற்றதும் அந்தக் கைகுலுக்கலை முறித்துக்கொண்டு, 1947-ல் 8என் என்று சொந்தமாக ஒன்றை இறக்கினார். ஃபெர்குசன் 25 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டார். 1952-ல் சமரசம், கிடைத்தது 92.5 லட்சம் டாலர். பணத்தைவிட எனக்குச் சுவையாகப் படுவது இன்னொரு நிபந்தனை: உறிஞ்சும் பக்கத்தில் வால்வு வைக்கும் முறையை அந்த ஆண்டு முடிவோடு ஃபோர்டு கைவிட வேண்டும். 1953-ல் வந்த ஃபோர்டு என்.ஏ.ஏ.யில் பம்பு வெளியே வந்து எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது. கிளட்சை மிதித்தாலும் பம்பு நிற்காது. வக்கீல்கள் போட்ட கையெழுத்து டிராக்டரின் வயிற்றுக்குள் குழாயை மாற்றிவிட்டது!

அதற்கு முன்பே ஒட்டுவேலைக்காரர்கள் கிளம்பியிருந்தார்கள். மாசசூசெட்ஸின் வெய்ன்-ராய் நிறுவனம் 1948-ல் முழுக்க ஹைட்ராலிக்கால் இயங்கும் தோண்டும் கை ஒன்றை அதே 8என் டிராக்டரில் மாட்டி, கனெக்டிகட் மின் நிறுவனத்துக்கு 705 டாலருக்கு விற்றது. இங்கிலாந்தின் உட்டாக்ஸெட்டரில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1945-ல் ஒரு சின்ன கராஜில், போர்க்கழிவு இரும்பை வைத்துச் செய்த முதல் சரக்கு டிராக்டருக்கான டிப்பர் டிரெய்லர். விலை 45 பவுண்டு. 1948-ல் ஹைட்ராலிக் டிரெய்லர், 1949-ல் ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டருக்கு முன்னால் அள்ளும் வாளி, 1953-ல் பின்னால் தோண்டும் கையும் சேர்ந்தது. அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் ஜே.சி.பி. இந்தியாவுக்கு அது 1979-ல் ஹரியானாவின் பல்லப்கர் வழியாக வந்தது. ஃபெர்குசனின் கிளை அதற்கு முன்பே வந்துவிட்டது: 1953-ல் அவர் மாசி-ஹாரிஸோடு இணைந்தார், 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே மாசி ஃபெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்தது.

களியக்காவிளையைச் சுற்றிய நம் எல்லை மண் மேடும் பள்ளமுமானது. ஏலாக்கள் சிறியவை, மற்றதெல்லாம் ரப்பர், வாழை, மரச்சீனி. இங்கே டிராக்டருக்கு உழவைவிடச் சுமை வேலையே பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. சுமை என்றால் கவிழ்க்க வேண்டும், கவிழ்க்க வால்வு வேண்டும். டிப்பர் டிரெய்லரின் ஜாக்குக்கு ஒரு குழாய் போதும். எண்ணெய் ஏற்றினால் எழும்பும், விட்டால் தன் எடையில் இறங்கும். புரட்டிப் போடும் ரிவர்சிபிள் கலப்பைக்கு இரண்டு குழாய் வேண்டும்.

இனி குழாய் வேலை. பம்பு எண்ணெயை இடைவிடாமல் தள்ளும் டிராக்டரில், அந்த எண்ணெய் முதலில் கூடுதல் வால்வுக்கு வந்து, வேலை இல்லையென்றால் அதைக் கடந்து லிஃப்டுக்குப் போக வேண்டும். தலைமடைக்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு கடைமடைக்கு விடுகிற மாதிரி. 2004-க்குப் பிறகு நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் தண்ணீர் காணாத விளவங்கோட்டுக்காரர்களுக்குக் கடைமடையின் பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. வால்விலிருந்து அழுத்தம் குறையாமல் அடுத்த இடத்துக்கு எண்ணெயை அனுப்பும் அந்த வழிக்கு 'பவர் பியாண்ட்' என்று பெயர். வேலை முடிந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் வழி வேறு. இரண்டையும் பிரிப்பது வால்வுக்குள் திருகும் ஒரு சிறிய ஸ்லீவ்.

கெடுவது இந்த இடத்தில்தான். ஸ்லீவ் இல்லாத வால்வை வாங்கி, தொட்டிக்குப் போக வேண்டிய வாயிலையே லிஃப்டோடு இணைத்துவிடுவார்கள். முதல் சில நாள் வேலை நடக்கும். பிறகு ஒருநாள் லிஃப்டில் பாரம் ஏற்றும்போது, அழுத்தம் தாங்கச் செய்யப்படாத அந்தப் பக்கம் அழுத்தம் திரும்பி, சீல் பிதுங்கும் அல்லது வால்வின் உடம்பே வெடிக்கும். திரும்பும் குழாயில் கழற்றி மாட்டும் கப்ளர் போடுவதும் அதே வகை வேலைதான். மாட்ட மறந்தால் எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை. மாசி 35, 135 வகையில் குழாய் வழி வேறு. அங்கே லிவரை 'கான்ஸ்டன்ட் பம்பிங்' இடத்தில் வைத்தால்தான் வெளி வால்வுக்கு எண்ணெய் தொடர்ந்து போகும். கியரும் ஹைட்ராலிக்கும் ஒரே எண்ணெயில் ஓடுவதால், இரவல் டிரெய்லரின் அழுக்கு எண்ணெய் நேரே கியர் பெட்டிக்குள் வரும். அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பெரும்பாலான டிராக்டர்களில் அழுத்தம் 150 முதல் 200 பார் வரை. கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் கடுகளவு தெரிந்தாலும் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தூக்கிய டிரெய்லருக்கு இரும்புத் தாங்கல் கொடுக்காமல் அடியில் நுழையாதீர்கள். ஒர்க்ஷாப்பில் பணம் எண்ணிக் கொடுக்கும் முன், திரும்பும் குழாய் தொட்டிக்குத்தான் போகிறதா, ஸ்லீவ் போட்டிருக்கிறதா, அழுத்தம் மீறினால் எண்ணெயைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு எத்தனை பாரில் திறக்கும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.