கொம்பனித்தெருவில் ஒரு நடை: அவர்கள் என்ன பாஷை பேசினார்கள்?

சற்று நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற விடுமுறையில் எங்கள் பாடசாலையின் தரம் பத்துப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப் போயிருந்தோம். "கொழும்பின் இருண்ட வரலாறு" என்று நடந்தபடியே இடங்களைக் காட்டி விளக்கம் சொல்லும் ஒரு சுற்றுலா. வழிகாட்டி ஓர் இளைஞர். நன்றாகப் பேசினார். கோட்டையில் இருக்கும் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையில் தொடங்கி, பேரை வாவி ஓரமாக நடந்து, கொம்பனித்தெருவில் முடிப்பது திட்டம்.

வாவிக்கரையில் நின்றுதான் அவர் அந்தப் பிரபலமான கதையைச் சொன்னார். ஒல்லாந்தர் காலத்தில் கோட்டைக்குள் வேலை செய்த அடிமைகளை மாலையானதும் வள்ளத்தில் ஏற்றி வாவிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து அடைத்து வைப்பார்களாம். காலையில் மறுபடி ஏற்றிப் போவார்களாம். இரவில் நீந்தித் தப்பிவிடாதபடி வாவியில் முதலைகளை விட்டிருந்தார்களாம். ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு "ஸ்லேவ் ஐலண்ட்", அதாவது அடிமைத்தீவு என்ற பெயர் வந்தது அதனால்தான் என்றார்.

முதலை என்றதும் பிள்ளைகளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. எத்தனை முதலை, எவ்வளவு பெரிது, இப்போதும் இருக்கிறதா என்று கேள்விக்கு மேல் கேள்வி. அந்தச் சத்தத்துக்குள் பின்னால் நின்ற ஒரு பிள்ளை மெதுவாகக் கேட்டாள்: "அந்த அடிமைகள் என்ன பாஷை பேசின, டீச்சர்?"

வழிகாட்டி சிரித்துக்கொண்டே, "ஆபிரிக்க மொழி ஏதாவது பேசியிருப்பார்கள் மகள்" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்தார். நானும் அந்த இடத்தில் எதுவும் பேசவில்லை. திரும்பும் பஸ்ஸில்தான் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொன்னேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அவர்களில் பலர் பேசியது தமிழ்.

ஒல்லாந்தர் 1656 மே மாதத்தில் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றினார்கள். நீண்ட முற்றுகையில் நகரம் பெரிதும் சிதைந்து போயிருந்தது. அதை மறுபடி கட்ட வேண்டும், கோட்டையைப் பலப்படுத்த வேண்டும், கால்வாய் வெட்ட வேண்டும், கப்பலில் சாமான் ஏற்றி இறக்க வேண்டும். இத்தனைக்கும் ஆள் தேவைப்பட்டது. கூலி கொடுத்து ஆள் பிடிப்பதைவிட ஆளையே விலைக்கு வாங்குவது கம்பனிக்கு மலிவாகத் தெரிந்தது.

அதே காலத்தில் கடலுக்கு அக்கரையில் தஞ்சாவூர்ச் சீமை எரிந்துகொண்டிருந்தது. 1659ஆம் ஆண்டளவில் பீஜப்பூர்ப் படைகள் அங்கே புகுந்தன. வயல்கள் அழிந்தன, பஞ்சம் வந்தது. நாகபட்டினத்தில் 1658 முதல் ஒல்லாந்தர் இருந்தார்கள். பசியில் பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள், சிலர் தங்களையே விற்றுக்கொண்டார்கள். கம்பனி வாங்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் மறுபடி ஒரு பஞ்சம். 1694 முதல் 1696 வரையான காலத்தில் மட்டும் அந்தக் கரையிலிருந்து மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் அடிமைகளாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

1694இல் கொழும்பில் ஒல்லாந்தர் எடுத்த குடிக்கணக்கு ஒன்று இருக்கிறது. அதன்படி நகரத்தில் பதியப்பட்டவர்களில் பாதிக்கும் அதிகமானவர்கள் அடிமைகள். நன்றாக யோசித்துப் பாருங்கள். தெருவில் எதிரே வரும் இருவரில் ஒருவர் இன்னொருவரின் சொத்து. அந்த அடிமைகளில் பெரும்பகுதியினர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். தென்கிழக்காசியத் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆபிரிக்கர்களும் இருந்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடிமை என்றதும் ஆபிரிக்கர் முகம் மட்டுமே நம் மனதில் வருவது அமெரிக்கப் படங்களைப் பார்த்துப் பழகிய பழக்கம்.

அடுத்து அந்தக் கொலைக் கதை. சுற்றுலாவில் முதலைக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகள் விரும்பிக் கேட்டது அதுதான். 1723ஆம் ஆண்டளவில் கொழும்பின் பிஸ்காலாக, அதாவது சட்டத்தையும் ஒழுங்கையும் கவனிக்கும் அதிகாரியாக, பேரன்ட் வான் டெர் ஸ்வான் என்பவர் இருந்தார். அவரும் அவருடைய மனைவியும் தங்கள் வீட்டிலேயே அடிமைகளால் கொல்லப்பட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அதன் பிறகுதான் அடிமைகளை இரவில் கோட்டைக்குள் தங்கவிடாமல் வாவிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து அடைக்கும் ஏற்பாடு இறுகியது என்கிறார்கள்.

இந்தக் கதையை நாம் எப்படிக் கேட்கிறோம் என்பதைக் கவனியுங்கள். கொல்லப்பட்ட அதிகாரியின் பெயர், பதவி எல்லாம் முந்நூறு வருடம் கழித்தும் நமக்குத் தெரிகிறது. சுற்றுலாவில் கொன்றவர்களுக்குப் பெயர் சொல்லப்படவில்லை. அவர்கள் வெறும் "அடிமைகள்". ஒரு வீட்டில் என்ன நடந்தால் அங்கே சமைத்துப் போட்டவன் கத்தியைத் தூக்குவான் என்ற கேள்வியும் அந்தக் கதையில் இல்லை. கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. கதை யாருடைய வாயிலிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். வரலாறு படிக்கும் பிள்ளைக்கு முதலில் பழக்க வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி அந்தப் பெயரைப் பற்றி.

தமிழில் நாம் இந்த இடத்தை ஒருநாளும் அடிமைத்தீவு என்று சொன்னதில்லை. கொம்பனித்தெரு என்போம். சிங்களத்திலும் கொம்பஞ்ஞ வீதியதான். கொம்பனி என்பது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி என்பார்கள் சிலர். இங்கே தங்கியிருந்த படையணியின் கொம்பனி என்பார்கள் வேறு சிலர். எதுவாக இருந்தாலும், அடிமை என்ற சொல் ஆங்கிலப் பெயரில் மட்டும்தான் இருந்தது. அந்தப் புகையிரத நிலையப் பெயர்ப்பலகையை எத்தனை தடவை பார்த்திருப்போம்! மூன்று மொழியில் எழுதியிருக்கும், தமிழ் வரியை வாசித்துவிட்டு இறங்கிப் போய்விடுவோம். 2022இல் ஆங்கிலப் பெயரும் மாற்றப்பட்டது. இனி மூன்று மொழியிலும் கொம்பனித்தெருதான்.

பெயர் மாற்றியதில் எனக்குக் கோபம் இல்லை. முகவரி எழுதும்போதெல்லாம் "அடிமை" என்று எழுத அங்கே வாழும் மக்களுக்கு என்ன தலைவிதி? ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. வாங்கியவனின் பெயர் தெருவில் நிற்கிறது, வாங்கப்பட்டவர்களை ஞாபகப்படுத்திய ஒரே சொல் போய்விட்டது. அதற்குப் பதிலாக அங்கே ஒரு நினைவுக்கல்லையாவது நான் காணவில்லை.

இதே கம்பனி தென்னாபிரிக்காவின் கேப் டவுனிலும் அடிமைகளை வைத்திருந்தது. 1679இல் அவர்களை அடைத்து வைக்கக் கட்டிய கட்டடம் இன்று அருங்காட்சியகம். பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பார்க்கிறார்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்கூட அங்கே அடிமைகள் கொண்டு செல்லப்பட்டார்கள். கம்பனியை எதிர்த்ததற்காக நாடு கடத்தப்பட்ட மக்காசாரின் ஷெய்க் யூசுப் அவர்களை 1684இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். பத்து வருடம் இங்கே வைத்திருந்துவிட்டு 1694இல் கேப்பிற்கு அனுப்பினார்கள். அங்கே அவர்களை இன்றும் மரியாதையோடு நினைவுகூர்கிறார்கள். இங்கே நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

கொம்பனித்தெருவில் எங்களை அடுத்து நிறுத்திய இடம் வேகந்த ஜும்ஆப் பள்ளிவாசல். 1786இல் பாண்டன் பாலி என்ற ஜாவாக்காரர் கொடுத்த காணியில் எழுந்தது. ஒல்லாந்தர் காலத்தில் படைவீரர்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் அடிமைகளாகவும் கிழக்குத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் வழியில்தான் இன்றைய நம் மலாய்ச் சகோதரர்கள் பலர் வருகிறார்கள். பின்னர் பிரித்தானியரின் சிலோன் ரைபிள்ஸ் படையில் மலாய் வீரர்கள் நிறையப்பேர் இருந்தார்கள். அந்தப் படை 1873இல் கலைக்கப்பட்டது. ஜாவா ஒழுங்கை, மலே வீதி, ரைபிள் வீதி என்ற பெயர்களை அந்தக் காலத்தின் மிச்சமாகவே நான் பார்க்கிறேன். 1983 ஜூலையில் எரிக்கப்பட்ட ரியோ திரையரங்கும் அதே சுற்றுவட்டாரத்தில்தான். அதுவும் இருண்ட வரலாறுதான். அதற்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும்.

இதுவரை எழுதியதை வாசித்துவிட்டு "பாவிகள் ஒல்லாந்தர்" என்று முடித்துவிடலாம். பஸ்ஸில் பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

பிரித்தானியர் 1796இல் கொழும்பைப் பிடித்த பிறகும் அடிமைமுறை தொடர்ந்தது. 1816இல் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், அடிமைகளை வைத்திருந்தவர்களிடம் பேசி ஒரு தீர்மானத்துக்கு வரவைத்தார். அந்த வருடம் ஆகஸ்ட் 12ஆம் திகதிக்குப் பிறகு அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்பது அந்தத் தீர்மானம். நல்ல விடயம்தான். ஆனால் அதற்கு உடன்பட்ட அடிமை உடைமையாளர்கள் யார் என்று பாருங்கள். ஒல்லாந்த வம்சாவளியினர் மட்டுமல்ல. சிங்களவர்கள், செட்டிமார், முஸ்லிம்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். வடக்கிலோ தேசவழமையின் கீழ் சில சாதியினர் பிறப்பாலேயே அடிமைகளாகக் கணக்கிடப்பட்டார்கள். 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது அதிலிருந்து இலங்கைக்கு விலக்கு அளித்தது. இங்கே அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல்தான்.

முஸ்லிம்கள் என்ற சொல்லை எழுதும்போது எனக்கும் கை கொஞ்சம் நின்றது. பிலால் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் பெயரைச் சொல்லி நாம் பிள்ளைகளுக்குச் சமத்துவம் படிப்பிக்கிறோம். அடிமையை விடுதலை செய்வதை இபாதத்தாக்கிய மார்க்கம் நம்முடையது. அதே மார்க்கத்தைச் சொல்லிக்கொண்ட நம் முன்னோரில் சிலர் கொழும்பில் மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தார்கள். இதை மறைத்துவிட்டு மற்றவர்களின் இருட்டை மட்டும் காட்டினால் அது வரலாற்றுப் பாடம் ஆகாது. நம் சமூகத்துக்கு அநியாயம் நடந்தபோது உலகம் அதைப் பேச வேண்டும் என்று கேட்கிறோம். நம் பக்கத்து அநியாயத்தையும் நாமே முதலில் பேசினால்தான் அந்தக் கேள்விக்குப் பெறுமதி இருக்கும்.

பஸ் நகரத்தைத் தாண்டிய பிறகு அந்தப் பிள்ளை மறுபடி கேட்டாள்: "அப்ப அவங்கட பேரப்பிள்ளைகள் இப்ப எங்க, டீச்சர்?"

கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். எங்கேயும் போகவில்லை மகள். விடுதலை கிடைத்தவர்கள் இங்கேயே கலியாணம் முடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள், கோயிலுக்கும் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் பன்சலைக்கும் போனார்கள். பெயர் மாறியது, பாஷை மாறியது. இன்று அவர்கள் நமக்குள்தான் இருக்கிறார்கள். விற்கப்பட்டவரின் பிள்ளையும் வாங்கியவரின் பிள்ளையும் இந்த பஸ்ஸிலேயே பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே ஆளாகவும் இருக்கலாம்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த கூட்டாளியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப் போனால் கடற்கரையோடும் கடைத்தெருவோடும் திரும்பி வராதீர்கள். கொம்பனித்தெரு புகையிரத நிலையத்தில் பத்து நிமிடம் இறங்குங்கள். அந்தப் பலகையில் இப்போது இல்லாத சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முதலைக் கதையையும் சொல்லுங்கள், பிழையில்லை. அதோடு அந்த இரவுகளில் வாவிக்கரையில் யாரோ ஒரு தாய் தஞ்சாவூர்த் தமிழில் பிள்ளையைத் தூங்க வைத்திருப்பாள் என்பதையும் சொல்லுங்கள்.

கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்தப் பதிவைப் பார்த்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைகளைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.