தில்லைவாழ் அந்தணரும் அரசும்

சிதம்பரம் நடராசர் கோயிலின் பூசையையும் நிர்வாகத்தையும் வழிவழியாகக் கவனித்துவரும், தில்லைவாழ் அந்தணர் எனப்படும் பொது தீட்சிதர்களுக்கும், நாட்டை ஆண்ட அரசுகளுக்கும் இடையே நிகழ்ந்த அதிகாரப் பூசல்களின் வரலாறு இது. ஐரோப்பாவிலும் இப்படிப் பூசல்கள் உண்டு: 1077இல் ஜெர்மானிய மன்னன் நான்காம் ஹென்றி, தன்னைத் திருச்சபையிலிருந்து விலக்கிய போப் ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்பு வேண்டி, கனோசா கோட்டை வாசலில் பனியில் காத்து நின்றான். தமிழகத்தில் மன்னனை அப்படி நிறுத்திவைக்க ஒற்றைச் சமயத் தலைமை எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் கோயிலுக்குள் யார் சொல் செல்லும் என்ற வழக்கு இங்கும் நூற்றாண்டுகளாக நடந்தது.

சிதம்பரம் அடங்கிய கடலூர்ப் பகுதியில் அரசும் சமயமும் மோதிய பழைய களம் திருப்பாதிரிப்புலியூர். பாடலிபுரம் எனப்பட்ட இவ்வூர்ச் சமணப் பள்ளி புகழ்பெற்றது. இப்பள்ளியில் தருமசேனராக இருந்த திருநாவுக்கரசர் சைவத்துக்குத் திரும்பியதும், பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் இட்டான், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தான் என்கிறது பெரியபுராணம். பின்னர் மன்னனே சைவனாகி, பள்ளியை இடித்த கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினானாம். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்.

தில்லை எனப்படும் சிதம்பரத்தில் நிலைமை வேறு. 'மூவாயிரவர்' எனப்பட்ட அந்தணர்கள், களந்தையை ஆண்ட கூற்றுவ நாயனாருக்கு முடிசூட்ட மறுத்தனர். சோழர் குலத்தவருக்கன்றி வேறு யாருக்கும் சூட்டுவதில்லை என்று சொல்லிவிட்டுச் சேர நாடு போய்விட்டனர். கடைசியில் இறைவன் தன் திருவடியையே அவருக்கு முடியாகச் சூட்டினான் என்று பெரியபுராணக் கதை முடிகிறது. சேக்கிழார் சோழன் முன் பெரியபுராணத்தை அரங்கேற்றியது சிதம்பரத்தில்தான் என்பது மரபு. எனவே இது சோழருக்கு உவப்பான கதைதான். ஆனால் முடிசூட்டும் உரிமை தில்லை அந்தணர் கையில் இருந்ததைச் சோழ அவையே ஏற்றுக்கொண்டதற்கும் இதுவே சான்று.

முதலாம் பராந்தகன் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தான். முதலாம் குலோத்துங்கனின் தளபதி நரலோகவீரன் பல திருப்பணிகள் செய்தான். பொன் கொடுக்கும்வரை மன்னனுக்கு வரவேற்பு உண்டு. சன்னிதிகளில் கை வைத்தபோதுதான் பூசல் முற்றியது. இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) கோயிலுக்குள் இருந்த கோவிந்தராசப் பெருமாளை அகற்றியதை அவன் அவைப்புலவர் ஒட்டக்கூத்தரின் நூல்கள் புகழ்ந்து பேசுகின்றன. விஜயநகர மன்னன் அச்சுதராயன் 1539இல் பெருமாளை மீண்டும் நிறுவினான்.

1597இல் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கன் பெருமாள் சன்னிதியை விரிவாக்க முனைந்தான். தீட்சிதர்கள் எதிர்த்தார்கள். வேலையை நிறுத்தாவிட்டால் கோபுரத்திலிருந்து குதிப்போம் என்றார்கள், நாயக்கன் பின்வாங்கவில்லை. ஒருவர்பின் ஒருவராக இருபது பேர் குதித்து மாண்டனர். சினந்த நாயக்கன் மற்றவர்களைச் சுடச் சொன்னான். இருவர் குண்டுக்கு இரையாயினர். ஒரு பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டாள். அப்போது ஊரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் பிமென்டா எழுதிவைத்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது. போப்பின் பெயரால் மன்னர்களோடு மோதிய திருச்சபையைச் சேர்ந்தவர் அவர். 1170இல் இங்கிலாந்தின் கான்டர்பரியில் மன்னனின் ஆட்கள் பேராயர் பெக்கெட்டைக் கொன்றபின், மன்னன் இரண்டாம் ஹென்றி பெக்கெட்டின் கல்லறைக்கு வந்து கசையடி வாங்கினான். தில்லையில் இறந்தவர்களுக்காக எந்த மன்னனும் தலைகுனியவில்லை, திருப்பணி நடந்தேறியது. பெருமாள் சன்னிதி இன்றும் இருக்கிறது. ஓரிடத்தில் நின்றபடியே கூத்தனையும் கோவிந்தனையும் சேர்த்துச் சேவிக்கலாம்.

பிரிட்டிஷ் ஆட்சியில் பூசல் கோபுரத்திலிருந்து நீதிமன்றத்துக்கு இறங்கியது. இது பொதுக்கோயில், தீட்சிதர்களின் தனிச்சொத்து அல்ல என்று 1890இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1951இல் அரசு நிர்வாகத்தை எடுக்க முயன்றபோது, தீட்சிதர்கள் தனிச் சமயப் பிரிவினர் என்று சொல்லி அதே நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 1987இல் செயல் அலுவலரை நியமித்த ஆணை மீண்டும் வழக்கானது. அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடும் உரிமைக்குச் சிவனடியார் ஆறுமுகசாமி போராடி, 2008இல் அரசாணையின் துணையோடு பாடினார். திருநாவுக்கரசர் பாடிய தலத்தில் அவர் தமிழைப் பாடவே போலீஸ் காவல் தேவைப்பட்டது பெரும் வேதனை. 2009இல் அரசு நிர்வாகத்தை ஏற்றது. 2014 ஜனவரி 6 அன்று உச்சநீதிமன்றம் அதை மாற்றியது: சீர்கேடு இருந்தால் அரசு தலையிடலாம், ஆனால் குறை தீர்ந்ததும் நிர்வாகத்தைத் திருப்பித் தர வேண்டும், நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

நிர்வாகம் தீட்சிதர்களிடம் திரும்பியது, பூசல் தீரவில்லை. பக்தர்கள் நடராசர் சன்னிதி முன்னுள்ள கனகசபை மீதேறி வழிபடலாம் என்று 2022 மே மாதம் அரசாணை வந்தது. மறு ஆண்டு ஆனித் திருமஞ்சன விழாவின்போது அங்கே ஏறத் தடை என்று தீட்சிதர்கள் பலகை வைத்தார்கள். அறநிலையத் துறையினர் போலீசாருடன் வந்து அதை அகற்றினார்கள்.